கையடித்துக் கொடுத்த சத்தியம்

ஈப்போவை அடுத்த லகாட்டைத் தாண்டி இருந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி வீடுகள் கட்டி விற்றார்கள். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் பக்கத்துத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், ஒரு வரிசை மலிவு வீடுகளுக்குக் குடிபோயின. அந்த வரிசையில் கடைசி வீடு வீரம்மாவுடையது, அதற்கு முந்தினது டொமினிக்குடையது. டொமினிக் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் காவலாளி. அவருடைய ஒரே மகள் ஜோசலின். 2002-இல், லயத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளை அவள்தான்.

அவள் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று வரிசையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"மத்தவன் பிள்ளைங்க டாக்டருக்குப் படிக்குது. என் பொண்ணு லூசுங்களுக்குப் படிக்குது லா," என்று டொமினிக் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் பயமும் இருக்கும்.

எதிர்வீட்டு ராட்னி வேலிக்கு மேலே தலையை நீட்டுவான். "ஜோசு, என் மண்டைய ஒரு தடவ பாரேன். சரியில்லன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு நீயே பஸ் ஏத்தி விடு."

"டிக்கட்டு வீண் அண்ணே. உங்கள அங்கயும் எடுக்க மாட்டாங்க."

ஈப்போ வட்டாரத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னால் யாரும் ஊரை நினைப்பதில்லை, அங்குள்ள மனநோய் மருத்துவமனையைத்தான் நினைப்பார்கள். கேலிக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உண்மையாகவே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்தப் பேர் சாகும்வரை போகாது. அவருடைய பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகிற இடத்திலும் வந்து நிற்கும். ஜோசலின் அதை மாற்றிக் காட்டலாம் என்ற எண்ணத்தோடுதான் படிக்கப் போனாள்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் மனத்தில் சுமக்கும் துக்கம் என்று தலைப்பு எடுத்தாள். எட்டுப் பேரை உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். அதை அவளே தமிழில் எழுதினாள். நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு வரி. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும் என்று அதற்கடுத்த வரி. விரிவுரையாளர் லயனல் படித்துப் பார்த்துச் சரி என்றார்.

தாமானில் கையெழுத்து கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தோட்டம் கைமாறிய சமயம் தோட்டத்துக் கணக்கரான ஒரு கிராணி கத்தை கத்தையாகக் காகிதங்களோடு லயத்துக்கு வந்திருந்தார். வீரம்மாவின் புருஷன் பழனியப்பன்தான் முதலில் கையெழுத்துப் போட்டவர். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த காகிதம் அது என்று பிறகுதான் தெரிந்தது. பழனியப்பன் அதற்குப் பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமலேயே இருந்து செத்துப் போனார். ஜோசலினின் அம்மா ஜூலியானா வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதால் ஏழு பேர் போட்டார்கள். எட்டாவது ஆள் வீரம்மா.

"காயிதத்த உள்ள வையி," என்றார் வீரம்மா.

"இது அந்த மாதிரி இல்ல அத்தே. எங்க காலேஜுக்குத்தான்."

"அன்னைக்கி வந்தவனும் இது சும்மா லா, போட்டுக் குடுங்கன்னுதான் சொன்னான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையடிச்சுக் குடு. எனக்கு அது போதும்."

லயத்தில் எல்லாம் கையடித்துத்தான். கல்யாணப் பேச்சும் சண்டைச் சமரசமும் உள்ளங்கையில் உள்ளங்கை விழுந்தால் முடிந்தது. அதை மீறியவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஜோசலின் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் லயத்துப் பிள்ளை, அவளுக்கும் இது தெரியும். கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்ச்சம்மதம் என்று குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பாரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, வீரம்மாவின் காய்த்துப்போன கையில் அடித்துக் கொடுத்தாள். இரண்டாவது வரியைச் சொல்லவேயில்லை.

வீரம்மா முதலில் ரப்பர் பால்வெட்டைப் பற்றிப் பேசினார். பிறகு புருஷனைப் பற்றி. பிறகு இளைய மகன் சுரேனைப் பற்றி. தாப்பா முச்சந்தியில் லாரி மோதிச் செத்தவன் அவன். அவனுடைய மோட்டார் சைக்கிள் இன்னும் வாசலில் நின்றது.

"வர்ற வெள்ளிக்கிழம அவன் திதி. அதோட நானும் போயிடலாம்னு இருக்கேன் ஜோசு."

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். எப்படி என்பதையும் சொன்னார்.

இப்படி ஒருவர் சொன்னால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜோசலின் கேட்டாள். "நெனப்பு மட்டுமா அத்தே, இல்ல முடிவே பண்ணிட்டீங்களா?"

"முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. மூத்தவன் கனகு கல்யாணம் கட்டிக் கமுந்திங்ல நல்லாருக்கான். நான் போனா யாருக்கும் சூசா இல்ல, ஒரு கஷ்டமும் வராது."

"என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர்கிட்ட பேசிப் பாக்கலாம்."

"எங்க, தஞ்சோங் ரம்புத்தானுக்கா? செத்தாலும் நல்ல பேரோட சாவேன்."

"அத்தே, அந்தச் சத்தியத்துலருந்து என்ன விட்ருங்க."

"குடுத்தத நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்," என்றார் வீரம்மா. பிறகு எழுந்து அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

ஜோசலின் வீட்டுக்குப் போய், காரணம் சொல்லாமல் அம்மாவை வீரம்மாவோடு பேசிக்கொண்டிருக்க அனுப்பினாள். பின்கட்டில் துணிகளுக்கு நடுவில் நின்று லயனலுக்குப் போன் செய்தாள்.

"பாரத்துல அந்த வரி இருக்குல்ல? வாசிச்சுக் காட்டுனீங்களா?"

"இல்ல சார். கையடிச்சுக் குடுத்துட்டேன்."

லயனல் ஈப்போ டவுன்காரர். கையடிப்பது என்றால் என்ன என்று அவள் விளக்க வேண்டியிருந்தது.

"தப்பு நடந்துருக்கும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காக ஒரு உயிர விட முடியாது. அவங்க மகனுக்கு இப்பவே போன் போடுங்க. நானும் வாரேன்."

மூத்த மகன் கனகராஜ் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கார் ஓட்டி வந்தான். வீரம்மா முரண்டு பிடிக்கவில்லை. நல்ல சேலை ஒன்றை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். காரில் ஏறுமுன் ஜோசலின் பக்கத்தில் நின்றார்.

"அவரு போட்ட கையெழுத்துல வீடு போச்சு. நீ குடுத்த சத்தியத்துல எம் பேரு போச்சு."

அவரைச் சேர்த்தது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அவரை யாரும் கொண்டுபோகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே வரிசை முழுக்க அந்தப் பேர்தான் ஓடியது. கனகராஜ் ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொன்னான். சொல்லச் சொல்ல ஆமாம் என்றே ஆயிற்று. ராட்னி மட்டும் அந்தக் கேலியை அதற்குப் பிறகு வாயில் எடுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. வீரம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மகன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். பிறகு மாத்திரைகளோடு வீடு திரும்பினார்.

ஜோசலினிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அவள் நடந்து வந்தால் வாசல்களில் பேச்சு நின்றது. கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் மூன்று பேர் வந்து, தங்கள் பேச்சை அழித்துவிடச் சொன்னார்கள். பாரத்தில் அந்த உரிமையும் எழுதியிருந்தது. அவர்கள் கண்முன்னே அழித்துக் காட்டினாள். வீரம்மாவின் பதிவை அவள் ஏற்கனவே அழித்திருந்தாள். மிச்சமிருந்தவற்றை வைத்துக் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். தேறினாள் என்பதற்கு மேல் அந்த மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜூலியானா வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் பலகாரம் அனுப்பினார். கடைசி வீட்டுத் தட்டு, மேலே மூடிய துணி விலகாமல் திரும்பி வந்தது. டொமினிக் அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"நீ செஞ்சது சரிதாம்மா. நான் இல்லங்கல. ஆனா நம்ம வீட்ல உப்பு தீந்தா அந்த அக்கா வீட்டுக்குத்தான் போவோம். இனி எங்க போறது?"

பட்டம் வாங்கியபின் ஜோசலினுக்கு ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது. மனநல ஆற்றுப்படுத்துநராக வேண்டுமானால் மேலே படிக்க வேண்டும். விண்ணப்பம் போடு என்று லயனல் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவள் இன்னும் போடவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் வேலை ஒப்பந்தத்தைக் கொடுக்கும்போது, அவர்களுக்குப் பிடிக்காத வரி எதுவோ அதை முதலில் வாசித்துக் காட்டுகிறாள். இப்படிச் செய்தால் ஆள் கிடைக்காது என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை.

போன மாதம் வேலை முடிந்து லகாட் பஸ்ஸில் ஏறி நின்றாள். மருந்துப் பையோடு வீரம்மா வந்தார். மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிற நாள். பஸ் படி உயரம், அவருக்கு முழங்கால் சரியில்லை. ஜோசலின் குனிந்து கையை நீட்டினாள். வீரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இரும்புக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, மறுகாலை வைத்து ஏறினார். டிரைவர் காத்திருந்தார். வீரம்மா முன் இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்.

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜோசலின் முந்திப் போகாமல் பின்னாலேயே நடந்தாள். கடைசி வீட்டு வாசலில் சுரேனின் மோட்டார் துணி போர்த்தி நின்றது. வீரம்மா கிரில் கதவைத் திறந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்க்காமல் பூட்டிக்கொண்டார். இருட்டத் தொடங்கியிருந்தது. ஜோசலின் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். கொஞ்சநேரத்தில் வீரம்மா வீட்டில் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள்.