மடிமேல் போடும் கம்பி

சிங்காநல்லூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் பருமன். நாற்காலியைக் கையால் நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நானும் அப்படிச் செய்பவள்தான். ஆனால் யாரும் பார்க்காதபோது.

இருவருமே சிங்கப்பூர் தீம் பார்க்குக்கு விசாரிக்க வந்திருந்தோம். இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு.

"ஏனுங்க, ரோலர் கோஸ்டர்ல மடிமேல போடற கம்பி எனக்குப் பூட்டுமுங்களா?" என்று சத்தமாகவே கேட்டார்.

"அதெல்லாம் தாராளமா உக்காரலாமுங்க," என்றார் ஊழியர், அவரைப் பார்க்காமலே.

"மரியாதைக்குச் சொல்லாதீங்க. வாசல்லயே மாதிரி சீட்டு ஒண்ணு வெச்சிருப்பாங்களாமா. அதுல உக்காந்து பாத்துப்போட்டுத்தான் வரிசைல நிப்பேன்."

"அத்தனை பேர் முன்னாடி பூட்டலைன்னா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"பூட்டாட்டி வேற ரைடுக்குப் போறதுங்க. நீங்க எதுல ஏறப்போறீங்க அம்மணி?"

"நான் ஏறலைங்க. எல்லார் பையையும் பாத்துக்கோணுமே."

"பை வெக்க அங்க லாக்கர் இருக்குதுங்க," என்றார்.

பொருட்காட்சி ராட்டினத்தடியில் வருஷா வருஷம் பைகளோடு நிற்பவள் நான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது?

அவருக்குக் கம்பி பூட்டியதா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு, இரண்டாம் தரம் அழுத்தியபோது பூட்டியது.