லேபிள் உதிர்ந்த ஜாடிகள்

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் காலேஜ் அட்டெண்டர் பொன்னம்மா அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்கவில்லை. "மிஸ் போயிட்டாங்கம்மா. பூசைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட உட்கார்ந்தாங்களாம். எந்திரிக்கலை" என்றாள். அதைக் கேட்டதும் நான் முதலில் செய்தது, தூங்கிக்கொண்டிருந்த மகளின் முதுகில் கை வைத்துப் பார்த்ததுதான். ஏன் என்று, அருளம்மாள் மிஸ்ஸிடம் விலங்கியல் படித்த நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான், குழந்தை தூங்கிய நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மீதிப் பேர் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பண்ணை வீட்டுப் பெண்கள். பரிணாமப் பாடம் தொடங்கிய அன்று ஒருத்தி எழுந்து, கடவுள் மனிதனை மண்ணால் செய்தார் என்று வேதத்தில் இருக்கிறதே என்றாள். மிஸ்ஸுக்குச் சங்ககிரிப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. "மண்ணுலருந்துதானுங்க செஞ்சாரு. எத்தனை காலம் எடுத்துக்கிட்டாருங்கறதுல நீங்க ஏன் அவரை அவசரப்படுத்தறீங்க?" பிறகு எல்லாரையும் முதுகெலும்பு முடிகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "வால் இருந்ததுக்குச் சாட்சி உங்ககூடவே பெஞ்சுல உட்கார்ந்திருக்குதுங்க." சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வௌவாலின் இறக்கையிலும் நம் கையிலும் அதே எலும்புகள் அதே வரிசையில் இருப்பதைக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தை ஒட்டிய இருட்டறையில் ஐந்து ஜாடிகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மீன், பல்லி, கோழி, முயல், மனிதர் என ஐந்தின் இளங்கருக்கள். எல்லாவற்றுக்கும் வளைந்த முதுகு, கழுத்தில் மடிப்புகள், ஒரு வால். லேபிள்களை அரிசிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். நான் அங்கேயே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த வருஷம், கோடை விடுமுறையில் கரப்பான்கள் பசையோடு எழுத்தையும் தின்றுவிட்டன. உள்ளே இருந்தவை எப்போதோ வெளுத்துச் சுருங்கி ஒன்றுபோல ஆகியிருந்தன. மிஸ் ஜாடி ஜாடியாக லென்ஸ் வைத்துப் பார்த்தார். கடைசியில் லென்ஸை மேசையில் வைத்துவிட்டு, "என்னால சொல்ல முடியலீங்க" என்றார். வகுப்புக்குப் புது ஜாடிகள் வந்தன. பழையவற்றைக் கொட்ட அவர் விடவில்லை.

அந்த வருஷம், இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளன்று மத்தியானம், ஏதோ எடுக்கப் போனவள் இருட்டறைக் கதவின் கீழே வெளிச்சம் கண்டு திறந்தேன். மிஸ் தரையில் முழந்தாளிட்டிருந்தார். ஜாடிகளுக்கு முன்னே ஒரு மெழுகுவர்த்தி. சுடர் அசைய அசைய, சுவரில் ஐந்து நிழல்களும் பெரிதாகிப் புரண்டு படுப்பதுபோல் இருந்தன. அவர் திரும்பாமலே சொன்னார்: "இதுல ஒண்ணு நம்ம மனுசப் புள்ளை. ஞானஸ்நானம் வாங்காம போனது. எதுன்னு தெரியலை, அதனால அஞ்சுக்கும் சேர்த்தே வேண்டிக்கறேன்." நான் அப்போது கர்ப்பிணி. என் வயிற்றுக்குள் முதல் அசைவை அங்கே நின்றுதான் உணர்ந்தேன்.

மகள் வாலோடு பிறந்தாள். எலும்பில்லாத, விரல் கணு நீளத்துக்கு மெத்தென்ற வால். அந்த ஜாடிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி ஆயிற்று என்றார் மாமியார். ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தும் ஞானத்தாயாக நிற்க ஒப்புக்கொண்டிருந்த நாத்தனார் பின்வாங்கினாள். வேறு யாரும் முன்வரவில்லை. குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தது. ஞானஸ்நானம் பெறாமல் போகும் குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். கருவியல் படித்தவள் நான். அந்த வால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் குழந்தையைக் குப்புறப் போடப் பயந்தேன்.

கேள்விப்பட்டு மிஸ் வந்தார். மாமியார் துணியை இழுத்து மூடுவதற்குள் குழந்தையைத் திருப்பி, பிஞ்சு விரலைப் பிடிப்பதுபோல அந்த வாலைப் பிடித்தார். "ஏஞ் சாமி, எல்லாருகிட்டயும் திருப்பி வாங்கினவரு உங்கிட்ட மட்டும் மறந்துட்டாராக்கும்" என்றார். பிறகு மாமியாரிடம், "உங்களுக்கும் இருந்ததுதானுங்க. வயித்துக்குள்ளயே வாங்கிக்கிட்டாரு. அவரு குடுத்ததைப் பாத்து நாம ஏனுங்க பயப்படோணும்?"

"அவ்வளவு தெரிஞ்சவங்க, நீங்களே ஞானத்தாயா நில்லுங்களேன்" என்று மாமியார் குத்தலாகச் சொன்னார்.

"அதுக்குத்தானுங்க வந்தேன்."

மறு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மிஸ்ஸின் கைகளில் என் மகள் பெயர் பெற்றாள். தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. அன்று மாலை வயிறு நிறையக் குடித்தாள்.

உடம்பு தேறியபின் டாக்டர் வாலை எடுத்துவிட்டார். அதை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டுமென்று மாமியார் பிடிவாதமாக நின்றார். மிஸ் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கல்லறைத் திருநாளில் மிஸ்ஸைப் புதைத்த புது மண்ணில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். பொன்னம்மா இருட்டறையைத் திறந்துவிட்டாள். ஐந்து ஜாடிகளின் ஓரத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. அதற்கும் லேபிள் இல்லை; உள்ளே விரல் கணு நீளத்துக்கு ஒன்று மிதந்தது. தீக்குச்சி உரசியதும் சுவரில் நிழல்கள் எழுந்தன. மகள் ஒவ்வொரு ஜாடியாக விரல் நீட்டி, "பாப்பா, பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குப்பியிடம் வந்ததும் விரலை மடக்கி, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலைதான்: வருஷத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, எது யாரென்று பிரிக்காத ஒரு வேண்டுதல். அதைச் சொல்லி முடிக்கும்வரை என் உள்ளங்கை மகளின் முதுகடியில் இருந்த தழும்பின் மேல் இருந்தது. பயம் போகவில்லை. கையையும் நான் எடுக்கவில்லை.