இரண்டு விரற்கடைத் தாள்

ஐயா, அம்மணி, வணக்கம். வெங்காயச் செய்கை, பேருந்து நெரிசல் என்று வாரந்தோறும் எதையாவது எழுதி உங்களைச் சிரிக்கவைத்த இந்தப் பேனா, இவ்வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை தமிழ்நாட்டிலிருந்து என் மூத்த மகள் தவமலரின் கடிதம் வந்தது. அவள் மூன்றாண்டு பயின்று தேறிய தாதி. கடந்த ஆண்டு போருக்குத் தப்பிக் கணவனோடும் பிள்ளைகளோடும் அகதியாகப் படகேறிப் போனவள். அங்கே தாதியாகப் பணிபுரிய வேண்டுமாயின், இங்கு பெற்ற தகுதியை அங்குள்ளோர் ஏற்றுப் பதிய வேண்டும். அதற்கு மூலச் சான்றிதழைக் கேட்டிருந்தாள். அக்கரைக்குப் போன ஒருவர் கையில் மூன்று மாதங்களுக்கு முன் கொடுத்தனுப்பினேன்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவே:

"அப்பா, சான்றிதழ் கிடைத்தது. பதிவிலக்கமும் கையொப்பமும் உள்ள கீழ்ப்பகுதி இல்லாத தாளை ஏற்க முடியாதாம். கொழும்பில் பிரதி எடுக்க நான் நேரில் போகவேண்டுமாம். எப்படிப் போவேன்? இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை. ஊசி போடுகிற புதுத் தாதிக்கு நரம்பு அகப்படவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்."

கீழ்ப்பகுதியை யார் வெட்டியது என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? அவளுக்குத் தெரியும்.

நம் வீடுகளில் பிள்ளை தேறினால் சான்றிதழ் பெட்டிக்குள் போவதில்லை, சுவருக்குப் போகிறது. அதுவும், வாசலால் நுழைபவர் கண்ணில் முதலில் படும் சுவருக்கு! எட்டு ஆண்டுகளுக்கு முன், அவளைப் பெண் பார்க்க வரவிருந்த வாரம் அது. புதிய மரச்சட்டப் பிறேம் செய்ய நாளில்லை. வீட்டிலிருந்த இலட்சுமி படத்தின் பிறேமைக் கழற்றிக்கொண்டு, மானிப்பாயில் படக்கடை வைத்திருக்கும் மரியதாசிடம் ஓடினேன்.

"ஐயா, கடதாசி பெரிசு. கீழை ரெண்டு விரற்கடை வெட்டவேணும்."

"வெட்டினாலும் பிள்ளையின்ரை பேர் தெரியுமோ?"

"ஓம், பேர் வடிவாத் தெரியும்."

"பிறகென்ன? வெட்டு!"

ஆங்கிலத்தில் அவள் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டத் தெரிந்த எனக்கு, கீழே இருந்தவை அலங்காரமாகத் தோன்றின. சம்பந்தம் பொருந்தியது. பயின்ற மருத்துவமனையிலேயே அவளுக்கு வேலையும் கிடைத்தபடியால், இங்கே எவரும் அந்தத் தாளைக் கேட்கவும் இல்லை.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மரியதாசிடம் சைக்கிளை மிதித்தேன். மடத்தனமான ஆசைதான்... எட்டு ஆண்டுக்கு முன் வெட்டிய துண்டை எவன் வைத்திருப்பான்?

அவன் கைவாளைக் கீழே வைத்தான்.

"அதிலை கையெழுத்தெல்லாம் இருந்தது, ஐயா. எறிய மனம் வரேல்லை. தூசி போகாமல் பிறேமுக்குப் பின்னாலை கடதாசி ஒட்டுறனாங்கள் எல்லோ? அதோடை சேர்த்து அந்தத் துண்டையும் ஒட்டிவிட்டனான், எழுத்து உள்பக்கமா. பிறேமைக் கொண்டு வாங்கோ. ஆவியிலை பிடிச்சு மெல்ல உரிச்சுத் தாறன்."

எதைக் கொண்டு போவேன்?

மகளுக்கு அனுப்பவென்று சான்றிதழைக் கழற்றிய நாளில் வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை, விறகும் ஈரம். "இஞ்சாருங்கோ, உந்தப் பிறேமைச் சும்மா ஏன் வைச்சிருக்கிறியள்? முறிச்சுத் தாருங்கோ, ஒரு தேத்தண்ணிக்குக் காணும்" என்றாள் மனைவி. நானே முறித்தேன். பின்புறக் கடதாசியையும் நானே கிழித்துச் சுருட்டி, அடுப்பு மூட்டக் கொடுத்தேன். தேநீர் நன்றாக இருந்தது. மகளுக்கு இனி நல்ல காலம்தான் என்று கதைத்தபடி இருவரும் குடித்தோம்.

"பிறேமை எப்ப கொண்டு வாறியள், ஐயா?" என்றான் மரியதாஸ்.

"கண்ணாடி மட்டும்தான் மிச்சம், தம்பி."

அவன் தான் இருந்த வாங்குப் பலகையைத் துடைத்து எனக்கு இடம் விட்டான்.

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தத் தேநீரை அவளுக்கு எப்படி நினைவூட்டுவது? உங்களைப் போல அவளும் இதைப் பத்திரிகையில்தான் அறியப்போகிறாள்.

ஐயா, அம்மணி, என் மகள் தேறிய தாதி. அவளுக்கு ஒரு பதிவிலக்கம் இருந்தது. வெட்டுவித்தவன் நான், எரித்தவனும் நானே. இதற்குச் சாட்சியாக என்னிடம் வேறு எழுத்து இல்லை. ஆகையால், தயவுசெய்து இந்தப் பத்தியை எடுத்து வைத்திருங்கள்.

ஓரம் வெட்டாமல்.