உப்புத் தண்ணீர் ஊற்றிய கார்

எங்கள் காரின் உடம்பில் ஓர் ஆணி கூடக் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தோம். ராயபுரம் கடற்கரையில் படகு தைப்பது அப்படித்தான். தைத்தவர் என் சித்தப்பா. அதுவரை அவர் படகைத் தவிர வேறெதையும் தைத்ததில்லை.

இரும்புச் சட்டமும் எஞ்சினும் வண்ணாரப்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த பாய் கொண்டுவந்தவை. எங்கோ தீப்பிடித்து மேல்பாகம் முழுக்க எரிந்துபோன கார் அது. அப்பா திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்பாலைக்கு லாரி ஓட்டினார். லாரி நின்றுபோகும்போதெல்லாம் பாயின் பட்டறைக்குப் போய்ப் போய் இருவரும் தோஸ்துகள் ஆகிவிட்டார்கள். அந்த எரிந்த கார் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், ஓலைக் கொட்டகையின் கீழ் வந்து நின்றது அப்படித்தான்.

துரைமார்களின் மோட்டார் சங்கம் ஒன்று அந்தச் சித்திரையில் ஒரு பந்தயம் வைத்தது. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, டோல்கேட்டில் கிளம்பி எண்ணூர் போய்த் திரும்ப வேண்டும். மணிக்கு ஒரு சுற்று, மொத்தம் பன்னிரண்டு. முந்துகிறவருக்குப் பரிசு எதுவும் கிடையாது. நடுவில் நின்றுபோகாமல் பன்னிரண்டையும் முடிக்கிற கார்களை ஓட்டியவர்களின் பெயர்களைச் சங்கத்தின் சுவரில் ஒரு பலகையில் எழுதுவார்கள். என் அப்பாவுக்கு அந்தப் பலகையில் இடம் வேண்டியிருந்தது. அவருடைய பெயர் அதுவரை எங்கேயும் எழுதப்பட்டதில்லை, வார்ப்பாலையின் வருகைப் புத்தகத்தைத் தவிர.

நான் அந்தக் காரில் ஏறியதற்கும் எழுத்துதான் காரணம். ஒவ்வொரு காரிலும் ஒருவர் அட்டை வைத்துக்கொண்டு, எண்ணூரில் திரும்புகிற நேரத்தை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும். டோல்கேட் மேசையில் அந்த அட்டையைக் கொடுத்தால் குமாஸ்தா கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். கையெழுத்து விழாமல் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. பாய்க்கு உருது வாசிக்கத் தெரியும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எதுவும் தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். அந்த வருஷம் மிஷன் பள்ளியில் கடைசி வகுப்பு முடித்திருந்தேன். வயசுப் பெண்ணை மோட்டாரில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றுவதா என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அட்டையில் என் பெயரை முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு மையில் எழுதினேன்.

பாய் பகலில் வந்து இரும்பு வேலை பார்ப்பார். மாலைத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். அவர் போனபிறகு சித்தப்பா கடலிலிருந்து வருவார், மரவேலைக்கு. அந்த இரண்டு மாதத்தில் இருவரும் ஒருவர் வேலை செய்வதை ஒருவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

சித்தப்பா வரும்போதெல்லாம் தோளில் ஒரு குடம் கடல் தண்ணீர் இருக்கும். தென்னங்கயிறு உப்புத் தண்ணீர் குடித்தால்தான் இறுகும், காய்ந்தால் தளர்ந்துவிடும், பலகை வாய் பிளக்கும் என்பது படகுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். தையல் தையலாகத் தண்ணீர் ஊற்றுவார். அவருக்கு முதுகு வலிக்கும் நாட்களில் குடத்தை நான் வாங்கி ஊற்றினேன். தண்ணீர் தரைப்பலகை வழியாக இறங்கி, அடியில் எங்கோ சொட்டும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பந்தயத்தன்று காலையில் டோல்கேட்டில் எங்கள் காரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. பளபளவென்று மின்னிய பதினான்கு கார்களுக்குப் பின்னால், மூக்கு நீண்ட படகு ஒன்று நான்கு சக்கரத்தில் நின்றால் வேறு என்ன செய்வார்கள். ஒரு துரை தையலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பாய் பிரேக்கை மிதித்துக் காட்டினார், சரியாக நின்றது. எங்களையும் பந்தயத்துக்குள் விட்டுவிட்டார்கள். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில், பாய் பின்னால்.

முதல் சுற்றுகள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தன. எண்ணூரில் கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தார்ப் பீப்பாய் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். நெட்டுக்குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள்.

"வல எங்க மாமு, வூட்லயே மறந்துட்டு வந்துட்டியா?" என்று ஒருத்தி அப்பாவைக் கேட்டாள். அடுத்த சுற்றில் அவளே, "இன்னும் கர சேரலியா நீ?" என்றாள். அப்பா ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சலாம் வைத்தார்.

டோல்கேட்டில் சித்தப்பா குடத்தோடு காத்திருந்தார். மூன்றாவது சுற்றில் அவர் தையலில் தண்ணீர் ஊற்ற வந்தபோது குமாஸ்தா தடுத்துவிட்டார். காரில் இல்லாதவர்கள் காரைத் தொட்டால் பந்தயத்திலிருந்து நீக்கம் என்று அட்டையின் பின்பக்கம் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அவர் குடத்தைத் தோளில் வைத்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. ஆறு கார்கள் வழியிலேயே நின்றுபோய்ப் பந்தயத்திலிருந்து விழுந்துவிட்டன. எங்கள் கார் ஓடியது. ஆனால் பலகைகள் காய்ந்து சுருங்கத் தொடங்கின. ஒன்பதாவது சுற்றில் என் காலுக்குக் கீழே, இரண்டு பலகைகளுக்கு நடுவில், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விழுந்தது. அதன் வழியாகச் சாலை ஓடுவது தெரிந்தது. சாலைக்கு மேலே ஒரு கம்பி தெரிந்தது.

அப்பா பிரேக்கை மிதித்தால் அந்தக் கம்பி முன்னால் இழுபடும். அதன் வழியாகத்தான் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புப் போகிறது என்று புரிந்தது. கம்பி முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. என் காலுக்கு நேர் மேலே கயிற்றின் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. இரண்டு மாதமாக அந்த முடிச்சிலிருந்து சொட்டிய தண்ணீரெல்லாம் கம்பியில் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் கம்பியின் தடிமன் என் சுண்டுவிரலில் பாதி கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்று சீசாக்களில் மூன்று ஆணிகளைப் போட்டு வைத்தோம். ஒன்று வெறுமனே, ஒன்று நல்ல தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில். உப்புத் தண்ணீர் ஆணிதான் முதலில் கெட்டது. ஏன் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அன்று மாலையும் வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் குடத்தை வாங்கி ஊற்றினேன். சீசாவில் இருந்த ஆணியும் எங்கள் காரில் இருக்கிற இரும்பும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவிடம் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சொன்னால், ஊற்றியவள் நான் என்றும் சொல்ல வேண்டும். படித்தவள் நான் ஒருத்திதானே.

எண்ணூருக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட். அந்தச் சுற்றில் அது மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நின்றது. மூட்டைகளின் மேல் ஒரு கிழவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா மிதித்தார். நான் வண்டியைப் பார்க்கவில்லை, கிழவரைப் பார்க்கவில்லை, இடுக்கையே பார்த்தேன். கம்பி இழுபட்டு, வீணைத் தந்தி போல அதிர்ந்தது. அதிலிருந்து சிவப்புத் தூள் உதிர்ந்தது. கார் நின்றபோது எங்கள் மூக்குக்கும் மாட்டு வண்டிக்கும் ஒரு முழம் இருந்தது.

"பாத்தியா, நம்ம பேச்ச கேக்குது" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எண்ணூரில் நேரம் எழுதியபோது என் மூன்று எட்டு மாதிரி விழுந்தது.

பத்தாவது சுற்றில், எண்ணூரிலிருந்து திரும்பும் வழியில், பின்னால் சாய்ந்து பாயிடம் இடுக்கைக் காட்டினேன். அவர் இருக்கைக்கு மேலே குனிந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவருடைய தாடியில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காமல் என் காதருகே பேசினார்.

"நைனாகைல சொல்லாதம்மா. சொன்னா அவருக்குக் கால் ஒதறும், அதுதான் டேஞ்சர். இன்னும் ரெண்டே ரவுண்டு. கியருல அடக்கிக்கலாம்."

"கைப் பிரேக்கு கீதே மாமா?"

"அது பேருக்குக் கீது."

அவர் பொய் சொல்லவில்லை, அசட்டையாகவும் சொல்லவில்லை. அவருக்கும் சங்கத்துச் சுவரின் அந்தப் பெயர்ப் பலகை வேண்டியிருந்தது. பிறகு முன்னால் எட்டி, "கேட்டுகிட்ட மெதுவா போ தோஸ்து, டயர் தேஞ்சுபோச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

திருவொற்றியூர்த் தேரடியைத் தாண்டினோம். சனிக்கிழமைக் கூட்டம். குதிரை வண்டிகள், கூடைக்காரிகள், சாலையைக் குறுக்கே கடக்கிற பிள்ளைகள். ஒவ்வொரு தலையையும் நான் எண்ணினேன். ஒவ்வொருவரும் எங்களுக்கு முன்னால் வந்து விழப்போகிறவர் மாதிரியே தெரிந்தார். அப்பா எல்லாருக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு, முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக ஓட்டினார். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் அவ்வளவு சின்னப் பையன் மாதிரி ஆவதை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பயமாக இருந்தது. இந்த மனிதர் இன்றைக்குச் செத்துப்போகலாம், நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

டோல்கேட்டில் கார் மெதுவாகி மேசையருகே நின்றது. குமாஸ்தா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"கார்டு" என்றார் அவர்.

அட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, குடு."

"குடுக்க மாட்டேன் நைனா. நீ எறங்கு."

"பைத்தியமா உனக்கு. இன்னும் ரெண்டுதான் கீது."

"பிரேக் கம்பி துருப்புடிச்சிப் போச்சி. நான்தான் உப்புத் தண்ணி ஊத்தினேன். தெரிஞ்சே ஊத்தினேன் நைனா, படிச்சிருந்தேன், தெரிஞ்சிகினே ஊத்தினேன்."

அவருக்குப் புரியவில்லை. பாயைப் பார்த்தார். பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அப்பா இறங்கி, அத்தனை பேர் பார்க்கச் சாலையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். எழுந்து வந்தபோது சட்டையின் முதுகெல்லாம் புழுதி. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து, மறு தோளால் காரை ஓரமாகத் தள்ளினார். பாயும் தள்ளினார். நான் அட்டையோடு நடந்தேன். குமாஸ்தா எங்கள் எண்ணுக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

சித்தப்பா குடத்தை இறக்காமலே வந்தார். விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு தையலாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"கயிறு கெட்டியாத்தான் கீது" என்றார். "ஒரு முடிச்சி அவுறல. ஏன் நிறுத்திட்டீங்க?"

பாய் அப்போதுதான் அழுதார்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வார்ப்பாலையில் அவரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பாய் கம்பியைக் கழற்றிக் கொட்டகையின் கூரையில் செருகிவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்க்காமல் நான் முற்றத்தைக் கடந்தேன். உடைந்திருக்காதோ என்ற கேள்வி, உடைந்திருக்குமோ என்ற பயத்தைவிட மோசமாக இருந்தது. இன்னும் இரண்டு சுற்று. தாங்கியிருந்தால் அவர் பெயர் அந்தச் சுவரில் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மாலை அப்பா வேலையிலிருந்து வந்து, நேராகக் கொட்டகைக்குப் போய்க் கம்பியை எடுத்தார். மெலிந்த இடத்தை முழங்காலில் வைத்து, இரண்டு முனையையும் பிடித்தார். நான் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தளர்த்தினார்.

"வேணாம்" என்றார். "ஒடைஞ்சா எனக்குத் தூக்கம் வராது. ஒடையலன்னா உன் மூஞ்சப் பாக்க முடியாது."

கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாக நடந்துபோய், துறைமுகத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு வந்தார். கைகழுவத் தண்ணீர் கேட்டார். நான் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினேன். அவர் உள்ளங்கையிலிருந்த சிவப்பு போக மூன்று செம்பு ஆயிற்று.