தலையாட்டினால் திருப்பு

திரைக்காரி என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கடையைக் கைகாட்டுவார்கள். ஜன்னல் திரையோ மேடைத் திரையோ, அவள் தைத்தால் அளவு பிசகாது. கடை சிறியது. சுவரோரம் துணிச் சுருள்கள், நடுவில் வெட்டுகிற மேசை, வாசலைப் பார்த்தபடி தையல் மிஷின். நீளமான ஓரத்தை மடித்து அடிக்கும்போது பாதியில் நிறுத்தினால் தையல் கோணிவிடும். அப்போது அவள் கால் மிதித்துக்கொண்டிருக்கும், இரண்டு கையும் துணியோடு ஓடிக்கொண்டிருக்கும், உதட்டுக்கு நடுவே குண்டூசிகள் இருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது உள்ளே வந்தால் தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டுவாள். வாங்க, உக்காருங்க, இதோ முடிச்சிடறேன், எல்லாம் அந்த ஒரே ஆட்டலில் அடக்கம். வாடிக்கைக்காரர்களும் அதைப் புரிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டியிருக்கும். அன்று அவள் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பாள்.

அந்த இடத்துக்கு அவள் போனதே அளவு எடுக்கத்தான். ஆர்கனுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது, திரை வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளியில் கற்ற ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தாள். காலுக்குக் கீழேயும் கட்டைகள் இருப்பதைக் கண்டபோது அவளுக்குப் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "கை ஒரு வேலை, கால் ஒரு வேலை, கண்ணு ஒரு வேலை. இதத்தானே வாரம் முழுக்கப் பண்ணிட்டு இருக்கேன்" என்றாள். முறையாகப் பாடம் எடுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, இரண்டு மழைக்காலம் போவதற்குள் அந்தப் பெஞ்சைத் தனதாக்கிக்கொண்டாள்.

யாருக்கும் கைவராதது ஒன்றே ஒன்றுதான் என்று மற்ற வாசிப்பாளர்கள் சொல்வார்கள்: பக்கம் திருப்புவது. ஆர்கனில் இரண்டு கையும் இரண்டு காலும் கட்டிப்போட்ட மாதிரி வேலையில் இருக்கும்போதுதான் தாளின் கடைசி வரி வந்து நிற்கும். அச்சடித்தவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அதனால் பக்கத்தில் ஒருவரை நிறுத்தித் திருப்பச் சொல்வார்கள்.

திரைக்காரி அதற்கும் தையலில்தான் வழி கண்டுபிடித்தாள். இசைத்தாள்களைக் கடைக்குக் கொண்டுபோய், காலர்களுக்குள் வைக்கிற விறைப்பான பக்ரம் துணியை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வைத்து அடித்தாள். கீழ் மூலையில் திரைத் துணியின் ஒட்டு ஒன்றை நாக்கு மாதிரி நீட்டிவிட்டாள். பச்சை ஒட்டு என்றால் இடது கை சும்மா இருக்கும் இடம், சிவப்பு என்றால் வலது கை. இரண்டு கையும் சும்மா இல்லாத இடத்தில், அடுத்த பக்கத்தின் முதல் வரியை நகலெடுத்து இந்தப் பக்கத்தின் அடியில் தைத்துத் தொங்கவிடுவாள். அப்படியும் முடியாவிட்டால், இடது கை வாசிக்க வேண்டியதைக் கொஞ்ச நேரம் காலிடம் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துத் திருப்புவாள். ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும். கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு அடக்க ஆராதனையில் புத்தகம் விழும் வரைக்கும். ஆலயமே மூச்சடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒட்டைப் பிடித்துத் திருப்பியபோது தாங்கியிலிருந்து அது நழுவி, பெடல் கட்டைகள் மேல் விழுந்தது. புத்தகம் விழுந்த சத்தம் ஒன்று, அது அமுக்கிய கட்டைகளின் அலறல் இன்னொன்று. முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

பாடகர் குழுவை நடத்துகிறவருக்குக் குச்சி மாஸ்டர் என்று பெயர். கையில் எப்போதும் ஒரு மெல்லிய குச்சி வைத்துக்கொண்டு தாளம் காட்டுவார். மறதி அவருக்கு வராது. ஆர்கனின் குழாய்களை எல்லாம் இறக்கிச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றி, அதற்கென்று ஒரு பெரிய ஆராதனை வைத்தபோது, அவர் திரைக்காரியிடம் வந்தார்.

"அக்கா, நீங்க எடுத்திருக்கற பாட்டு ரொம்ப நீளம். நடுவுல நின்னுச்சுன்னா?"

"நிக்காது, மாஸ்டர்."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

"அன்னைக்கு நிக்கல. விழுந்துச்சு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆலயக் குழுவில் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அப்படி நின்றும் வாசிப்பு அறுந்தால், இனிப் பெரிய ஆராதனைகளுக்கெல்லாம் வெளியூர்க்காரர் ஒருவர் வருவார். திரைக்காரிக்கு வாரநாள் ஜெபக்கூட்டம் மட்டும். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவளுக்கோ அந்தப் பெஞ்சை விட மனமில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"ஆளு நிக்கட்டும். ஆனா ஆளை நான்தான் சொல்லுவேன்" என்றாள்.

அவள் சொன்ன ஆள் அவளுடைய நாத்தனார் சிட்டு. கணவனின் கடைசித் தங்கை. பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லும் வேலை என்பதாலோ என்னவோ, தன் வாயை மூடுவதே இல்லை. இசைத்தாளைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

"நோட்ஸ் படிக்கத் தெரியாதே அவங்களுக்கு!" என்றார் மாஸ்டர்.

"அதனாலதான். தெரிஞ்சவங்க அவங்க நினைச்ச இடத்துல திருப்புவாங்க. தெரியாதவளா இருந்தா நான் சொன்ன இடத்துல திருப்புவா."

வீட்டில் இதைக் கேட்டதும் கணவன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒரு அடுப்படியில நின்னாலே பாத்திரம் பறக்குது. ஒரு பெஞ்சுல எப்படி?"

"நான் உக்காந்திருப்பேன், அவ நிப்பா. பாத்திரம் எதுவும் பக்கத்துல இருக்காது" என்றாள் திரைக்காரி.

ஒத்திகை தொடங்கியது. முதல் நாள் சிட்டுவின் முழங்கை திரைக்காரியின் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. மறுநாள் பாட்டில் சொக்கிப்போய்த் திருப்பவே மறந்தாள்.

"அண்ணி, நீங்க வாசிக்கறப்ப யாரோ பெரிய மனுஷி மாதிரி இருக்கீங்க. வீட்டுல பாக்கற ஆளே இல்ல."

"வாய மூடிட்டுத் தாளைப் பாரு."

"தாள்ல என்ன இருக்கு பாக்கறதுக்கு? எப்பத் திருப்பணும்னு சொல்லுங்க, போதும்."

"வாசிக்கறப்ப எப்படிடி சொல்லுவேன்? தலையாட்டறேன். தலையாட்டினா திருப்பு. ஆட்டலைன்னா கையைக் கட்டிட்டு நில்லு."

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு அலட்டல்!"

அந்த ஏற்பாடு பிசிறில்லாமல் ஓடியது. தலை ஆடும், தாள் திரும்பும். மாஸ்டரே ஒருநாள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். சிட்டு பச்சை ஒட்டைத் தொட்டுப் பார்த்து, "நான்தான் இருக்கேனே, இந்த வாலெல்லாம் எதுக்கு? பிரிச்சிடவா?" என்று கேட்டாள். "தைச்சதை நான் பிரிக்கறதில்ல" என்றாள் திரைக்காரி.

ஆராதனை நாள் வந்தது. ஆர்கனில் உட்கார்ந்தால் முதுகு ஜனங்களுக்குத்தான். அதனால் தாங்கிக்கு மேல் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். கண்ணாடியின் ஒரு பாதியில் மாஸ்டரும் அவர் குச்சியும் தெரியும், மறுபாதியில் ஆலய வாசல் தெரியும். குச்சி அசைந்தது. திரைக்காரி தொடங்கினாள்.

சுத்தம் செய்த குழாய்கள் புது ஆளைப் போலப் பேசின. முதல் பக்கம் போனது, அடுத்தது போனது. தலை ஆடிய இடத்திலெல்லாம் சிட்டு அழகாகத் திருப்பினாள். நடுப்பகுதி வந்தது. மூன்று தனித்தனி மெட்டுகள் ஒன்றை ஒன்று துரத்துகிற இடம். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, காலில் ஒன்று. பக்கத்தின் மேல் பாதியைத்தான் அவள் தாண்டியிருந்தாள்.

அப்போது கண்ணாடியில் வாசல் திறந்தது. ஆலயச் செயலாளர், தனக்கு வேண்டிய விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு, வழக்கம்போல் தாமதமாக உள்ளே வந்தார். அவள் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கால் மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ஆள் வந்து நிற்கிறது. திரைக்காரியின் தலை தானாக ஆடியது: வாங்க, உக்காருங்க, இதோ முடிச்சிடறேன்.

சிட்டு பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

கண்ணுக்கு முன்னால் இருந்த மூன்று மெட்டுகளும் மாயமாய் மறைந்து, சம்பந்தமே இல்லாத வேறு எதுவோ வந்து நின்றது. வேறு யாராயிருந்தாலும் அங்கே அறுந்திருக்கும். திரைக்காரி நிறுத்தவில்லை. வலது கையின் மெட்டு விரலில் இருக்கிறது, அது ஓடட்டும். காலிடம் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இடது கையை எடுத்துப் பச்சை ஒட்டைப் பிடித்து இழுத்தாள்.

தாள் வரவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நடுங்கிப்போன சிட்டு, உதவி செய்வதாக நினைத்து மறுமூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஒரு பக்கம் இழுக்க, நாத்தனார் மறுபக்கம் இழுத்தாள். வேண்டாம் என்று தலையசைக்கவும் வழியில்லை. அசைத்தால் இன்னொரு பக்கம் போய்விடும். வெறும் தாளாக இருந்தால் அங்கேயே கிழிந்திருக்கும். பக்ரம் வைத்து இரட்டைத் தையல் போட்டது, விறைத்துக்கொண்டு நின்றது.

"விடுடி" என்றாள் திரைக்காரி, குண்டூசிகளுக்கு நடுவே பேசிப் பழகிய வாயால், உதடு அசையாமல்.

சிட்டு விட்டாள். பக்கம் திரும்பி வந்தது. இடது கை கீழே இறங்கி, விட்ட மெட்டை வால் பக்கமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நீண்ட தாழ்ந்த சுரம், அதன் மேல் தனியாக நடந்து போன ஒரு மெட்டு, பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான். மிச்சப் பக்கங்களை அவளே திருப்பினாள், பச்சையையும் சிவப்பையும் மாறி மாறித் தொட்டு. சிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டாள். கடைசி சுரத்தில் ஜன்னல் திரையே லேசாக அதிர்ந்தது.

முடிந்ததும் முதலில் ஓடிவந்தவர் செயலாளர்தான். "அற்புதம்மா! நாங்க உள்ள வர்றப்ப எல்லாத்தையும் குறைச்சு, ஒரே ஒரு தாழ்வான சத்தம் வச்சீங்களே, விருந்தாளிங்க அசந்துட்டாங்க. எங்களுக்காகவே வச்ச மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்காகத்தான்" என்றாள் திரைக்காரி. பொய்யும் இல்லை.

மாஸ்டர் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "அக்கா, அந்த இடத்துல இடது கை எங்க போச்சு?"

சிட்டு முந்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "மாஸ்டர், நான்தான் தாளை மறுபக்கம் பிடிச்சு இழுத்து..."

"அவ சரியாத்தான் பண்ணினா. தலையாட்டினா திருப்புன்னேன், ஆட்டினேன், திருப்பினா" என்றாள் திரைக்காரி. "வாசல்ல ஆள் வந்தா எனக்குத் தலை ஆடும், மாஸ்டர். கடைப் பழக்கம். அதை நான் யோசிச்சிருக்கணும்."

மாஸ்டர் குச்சியால் தன் உள்ளங்கையில் மெல்லத் தட்டிக்கொண்டே நின்றார். "அறுந்தா வெளியூர்க்காரருன்னு பேசினோம்."

"அறுந்துச்சா?"

அவர் நியாயமான மனிதர். "இல்ல" என்றார். "அறுக்கலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தீங்க. அப்பவும் அறுபடல. வெளியூர்க்காரருக்கு நான் சொல்லிக்கறேன். பெரிய ஆராதனை எல்லாம் உங்களுக்குத்தான். ஆனா இந்தத் தலையாட்டறதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு மாஸ்டர் வந்தபோது ஆர்கன் கண்ணாடியில் அவர் தெரியும் பாதி மட்டும் பளிச்சென்று இருந்தது. வாசல் தெரியும் பாதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டித் திரை தொங்கியது. மேலே மெல்லிய கம்பி, அதில் வளையங்கள், இழுத்துக் கட்ட ஒரு சரிகை நாடா கூட இருந்தது.

"என்னக்கா இது?"

"வாசலுக்குத் திரை. இனிமே நீங்க மட்டும்தான் தெரிவீங்க."

சிட்டு தன் இடத்தில், இடது பக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கம் திருப்ப இனி அவள் வேண்டாம். பாட்டின் நடுவே ஆர்கனின் குரலை மாற்றும் குமிழ்களை இழுத்துவிட ஆள் வேண்டும் என்று அண்ணி அவளைக் கேட்டிருந்தாள். குமிழில் வெள்ளை நூல் கட்டி அடையாளமும் வைத்திருந்தாள்.

"உங்க பக்கமும் ஒரு திரை தைச்சுடலாம்னு அண்ணிகிட்ட சொன்னேன் மாஸ்டர்" என்றாள் சிட்டு. "வேணாம், அவரு பாவம்னுட்டாங்க."

மாஸ்டர் இந்த முறை சிரித்துவிட்டார். குச்சியைத் தூக்கினார். திரைக்காரி தலையை நிமிர்த்திக் கட்டைகளில் கை வைத்தாள். பின்னால் வாசல் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ தாமதமாக வந்தார்கள். வரட்டும், உட்கார அவர்களுக்கே தெரியும்.