தானாக உதறிய கால்

"பொஸ்தகத்துல எழுதியிருக்கிறது உங்கப்பன் காலுக்குத் தெரியுமா கண்ணு?" என்று பெரியப்பா கேட்டார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்த அப்பாவும் சிரித்தார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் நாமக்கல் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் முதலாமாண்டு முடித்து, கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைத்ததும் இல்லை. சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், புத்தகம் நாலு பேர் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

அந்த வருடம் மிளகு பறிக்கும்போது அப்பா விழுந்துவிட்டார். எங்கள் பக்கம் மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவோம். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைக்கக் கொஞ்சம் கிளையை விட்டு வெட்டி, அதைச் சாத்தி ஏறுவார்கள். பனியில் நனைந்திருந்த மூங்கில் புரண்டு, அப்பாவின் முதுகு பாறையில் மோதியது. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் ஆடவில்லை. பாதத்தைச் சாவி முனையால் கீறினார். அதற்கும் அசையவில்லை. தண்டுவடம் நசுங்கிவிட்டது, நடப்பது கஷ்டம் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அம்மாவிடம் சொன்னார்: "இடுப்புக்குக் கீழ எறும்பு கடிச்சாலும் அவருக்குத் தெரியாதுங்கம்மா. ஒரே வாக்குல படுக்கப் போடாதீங்க. புரட்டிப் புரட்டிப் போடுங்க."

அம்மா அப்படியேதான் செய்து வந்தாள். பிறகு ஒருநாள் ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தபோது கால் வெடுக்கென்று மடங்கியது. அம்மா போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டதாம். பெரியப்பா கோயிலுக்குக் கிடா நேர்ந்துகொண்டார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். "உசுரு இப்பத்தான் கால்ல இறங்குது. நட்ட மரவள்ளிக் குச்சியாட்டம். வேர் புடிக்கறப்ப ஆட்டுனா பட்டுப்போயிரும். கிடா வெட்டற வரைக்கும் ஆளை யாரும் புரட்டி அசைக்கக் கூடாது." மலையில் அவரைவிட நன்றாக மரவள்ளி போடுகிறவர் இல்லை. அம்மா புரட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நான் வந்த அன்று வாசலில் திருவிழாக் கூட்டம். "எங்க, எனக்கும் ஒருக்கா ஆட்டிக் காட்டுங்க" என்று அடுத்த வீட்டு அக்கா கோழி இறகால் அப்பாவின் உள்ளங்காலைத் தடவினார். கால் உதறியது. "ஐயோ, உதைக்கறாருங்க! எங்க கோழி உங்க காட்டுல மேஞ்ச கோபம் இன்னும் தீரலையாட்ட இருக்குது!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது அனிச்சைச் செயல், குணமாகிறது என்று அர்த்தமில்லை என்று நான் சொன்னேன். அதற்குத்தான் பெரியப்பா அப்படிக் கேட்டார்.

பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி தெரியும். அதை என்னைப் போல யாரும் வரைந்ததில்லை. சூடான பாத்திரத்தில் விரல் பட்டால், சேதி உணர்ச்சி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. மூளையைக் கேட்காமல் அங்கிருந்தே இயக்க நரம்பு வழியாகத் தசைக்குக் கட்டளை திரும்புகிறது. கை விலகிய பிறகுதான் சுட்டது நமக்குத் தெரியும். போய்த் திரும்பும் அந்தப் பாதைக்கு அனிச்சை வில் என்று பெயர். அப்பாவுக்கு மூளைக்கு ஏறும் வழிதான் அறுந்திருந்தது. கீழே காலுக்கான பாதை அப்படியே இருந்தது. அடிபட்ட அதிர்ச்சியில் அது சில வாரங்கள் ஓய்ந்து கிடக்கும், பிறகு முன்னைவிட வேகமாக உதறத் தொடங்கும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படம் மட்டும்தான். நான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, பெரியப்பங்கிட்டச் சொல்லிராத. நான் ஆட்டலை. அதுவா ஆடுது. ஆடறதே எனக்குத் தெரியறதில்லை. நீங்கெல்லாம் சிரிக்கறப்ப, ஆடியிருக்கும் போலன்னு நானும் சிரிச்சுக்குவேன்."

 சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை யாரும் தொடாமலே கால் உதறியது. மடங்கும், விறைக்கும், மறுபடி மடங்கும். "பாரு, தொடாமயே ஆடுது!" என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. ஏதாவது ஒன்று தொட்டால்தான், குத்தினால்தான் அந்தப் பாதையில் சேதி கிளம்பும். அப்படியானால் இப்போது எது குத்துகிறது? பாதத்தில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். போர்வையை உதறினேன். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட மூத்திரக் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவினேன். ஒன்றும் இல்லை. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. நான் பார்க்காத இடம் அவருக்கு அடியில் மட்டும்தான்.

"அம்மா, இந்தப் பக்கம் பிடி. புரட்டணும்."

"ஐயோ, பெரியப்பா வையப் போறாரு..."

பெரியப்பா கதவருகில்தான் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. "தொடு சாமி, தொடு. நாளைக்கு அவன் நடக்காமப் போனா, பெத்த மகதான் கெடுத்தாள்னு ஊரு சொல்லும். அதையும் யோசிச்சுக்க."

யோசித்தேன். அந்தப் பேச்சோடு இந்த மலையில் ஆயுசுக்கும் வாழ வேண்டியிருக்கும்.  அம்மா பிடிக்கவில்லை. நான் மட்டும் அப்பாவின் தோளையும் இடுப்பையும் பிடித்துப் பக்கவாட்டில் உருட்டினேன்.

முதலில் நாற்றம் வந்தது. இடுப்புக்குக் கீழே, நடு எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. ஒட்டியிருந்த வேட்டியை மெல்ல விலக்கினேன். துணியின் ஓரம் புண்ணில் உரசிய அதே கணம் கால் உதறியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கண்ணு? என்ன இருக்குது?" என்று அப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டார். அவருக்கு வலியே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"புண்ணுப்பா. பெருசா இருக்குது. அதுக்குத்தான் கால் உதறியிருக்குது."

 "அப்ப நான் நடக்கறது?" என்றார் அப்பா.

"முதல்ல காய்ச்சல் இறங்கணும்ப்பா. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கிடாயை வெட்டிட்டுப் போயிரலாமா?" என்றார் பெரியப்பா. அவர் என்னிடம் அனுமதி கேட்பது போலப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இல்லீங்க பெரியப்பா. அதுவரைக்கும் அப்பா தாங்க மாட்டாரு."

"பஸ்ஸுல எப்படிப் படுக்க வெக்கறது? வண்டிக்கு எங்க போவேன்?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை எனக்குப் பின்னால் கேட்டது. நான் ஒற்றையடிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

ரோட்டில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். "ஏனுங்க, விழறதுக்கு வேற வண்டி கிடைக்கலீங்களா?" என்று டிரைவர் கத்தினார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். லோடு இருக்கிறதே, முதலாளி திட்டுவாரே என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் நான் பின்கதவைத் திறந்து, முதல் பழத்தை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.