கிளட்ச்சை இலகுவாக்கிய பதினொரு மாதங்கள்

என் நோயைப் பற்றிய முதல் குறிப்பு மருத்துவமனைச் சீட்டில் இல்லை, என் வண்டியின் நோட்டில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம், இரண்டாவது ஞாயிறு, காலை 7.40: "இடது கைப்பிடியில் அதிர்வு. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கைப்பிடி ரப்பரை மாற்ற வேண்டும்."

விரல் மரத்துப்போனதற்கு ரப்பரை மாற்ற நினைத்த ஒருவன் எழுதுவது இது. இதே நோயில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நோய் இருந்தும் அதன் பெயர் இன்னும் தெரியாதவர்களுக்காகவும்தான்.

மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். வீடு சேலையூரில். அளந்து, தேதி போட்டு, கையெழுத்திடுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. நாற்பத்திரண்டாவது வயதில் இரட்டை சைலன்சர் கொண்ட பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, நண்பன் பாபுவின் ஒர்க் ஷாப்பில் கஃபே ரேசராக மாற்றினேன். தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டு, ஒற்றை இருக்கையும் தாழ்ந்த கைப்பிடிகளும் வைத்து, பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்ந்தபடி ஓட்டும் பழைய பந்தயப் பாணி அது. உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். ஞாயிறு காலையில் வண்டலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். வண்டியை நிறுத்தியதும் கையை உதறாதவர் யாருமில்லை. வலியைத் தகுதிச் சான்றிதழ் மாதிரி வைத்திருந்தோம்.

"முதுகு புடிக்கலன்னா அது கஃபே ரேசரே இல்ல மச்சான், ஸ்கூட்டரு" என்பான் பாபு.

எனவே கை மரத்துப்போவதை வண்டியின் குணமாக எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் ரப்பரை மாற்றினேன். அக்டோபரில் கைப்பிடி முனைகளில் பித்தளை எடைகள் சேர்த்தோம், அதிர்வு குறையும் என்று. நவம்பரில் கிளட்ச் கனமாகத் தெரிந்தது. கேபிளை மாற்றினோம். டிசம்பரில் மறுபடி கனம். கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு மெலிந்தவற்றைப் போட்டோம். ஜனவரியில் லீவரை விரலுக்கு இன்னும் கிட்டே வரும்படி வளைத்தோம்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் சரியாக இருந்தது போலிருந்தது. நோட்டில் "தீர்ந்தது" என்று எழுதினேன். அந்தச் சொல் ஐந்து இடங்களில் இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பகல். இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து கார்புரேட்டர் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்த பாபு மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாடா மச்சான் கருகுது? ஒயரு எதுனா போச்சா?"

"ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இல்லடா, கறி வாசன வருது... டேய்! கைய எட்றா! கைய எட்றா!"

என் இடது கையின் ஓரம் சைலன்சர் குழாயில் சாய்ந்திருந்தது. எடுத்தபோது தோலில் ஒரு பகுதி குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா கைடா இது, வெல்டிங் கையா?" என்று சிரித்த பாபு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடத்தோடு தண்ணீர் எடுத்துவந்தான்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. "வெல்டிங் கை வந்துட்டாரு, டீ சூடா போடுங்கண்ணா." எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவி ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வலிக்கலையா?"

"இல்ல."

"வலிச்சிருந்தா நான் பயப்பட மாட்டேங்க."

அவள் வற்புறுத்தித் தாம்பரத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனாள். நான் வண்டியில் குனிந்து ஓட்டுவதைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கழுத்தெலும்புத் தேய்மானத்தைப் பற்றிச் சொன்னார். எங்கள் இருவரின் காரணங்களும் அழகாகப் பொருந்தின. ஆறு வாரம் பிசியோதெரபி. கைப்பிடியை ஓர் அங்குலம் உயர்த்தினேன்.

மே மாதத்தில் ஒரு குறிப்பு: "வலது கையுறை வியர்வையில் நனைந்திருக்கிறது. இடது காய்ந்திருக்கிறது. உள்ளங்கை வேர்ப்பதில்லை. நல்ல பிடி." சென்னை மே மாதத்தில் ஒரு கை மட்டும் வேர்க்கவில்லை. அதற்கு நான் எழுதியது, நல்ல பிடி.

ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழைய வண்டிகளுக்கான ஒருநாள் பந்தயம். தளத்தில் இறங்குமுன் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிப்பார்கள். காதில் பென்சில் செருகியிருந்த ஒரு பெரியவர் என் கிளட்ச் லீவரை ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கு? இவ்ளோ லேசா எதுக்கு?"

"அவன் சாஃப்டான ஆளு சார்" என்றான் பாபு.

பெரியவர் சிரிக்கவில்லை. "கையக் காட்டுங்க" என்றார். கையுறையைக் கழற்றி நீட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அவர் பென்சிலை வைத்தார். அங்கே சதை இருக்க வேண்டும். என் கையில் குழி இருந்தது. கடைசி இரண்டு விரல்களும் நேராக நீளாமல் உள்நோக்கி மடங்கியிருந்தன. தினமும் பார்க்கும் கைதான்.

"வண்டி ஓகே. நீங்க ஓகே இல்ல. இன்னிக்கு ஓட்டாதீங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவிலிருந்து என்னைத் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பியபோது சீட்டு மாறிவிட்டதென்றே நினைத்தேன். என் தோலில் ஒன்றுமில்லையே. அங்கிருந்த மருத்துவர், என் வயதுடைய பெண், என் முழங்கையின் உட்புறத்தில் விரலை வைத்து உருட்டினார். பிறகு என் வலக்கை விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் கிளட்ச் கேபிள் தடிமனில் ஏதோ உருண்டது. அது அல்நார் நரம்பு (முழங்கை வழியாகச் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு), வீங்கியிருந்தது. கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் விரல் விரலாகத் தொட்டார். தொட்டால் சொல்லச் சொன்னார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது இழை என் சுண்டுவிரலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

நரம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள் (பயாப்சி). ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, முடிவு வந்தது.

"இது தொழுநோய்" என்றார் மருத்துவர். "உங்களுக்குத் தோல்ல வராம, நரம்புல மட்டும் வந்திருக்கு. மருந்து இருக்கு. குணமாகும். மருந்து ஆரம்பிச்சிட்டா அடுத்தவங்களுக்குப் பரவாது."

ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். எந்தக் கை என்று நான் குனிந்துதான் தெரிந்துகொண்டேன்.

"எங்கேர்ந்து வந்துது மேடம்?"

"சொல்ல முடியாது. வருஷக்கணக்குல உடம்புல சும்மா இருக்கும். கை எப்ப மரத்துதுன்னு ஞாபகம் இருக்கா?"

"எழுதி வச்சிருக்கேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையோடுதான் கொடுத்தேன். அவர் பேனாவை வரி வரியாக நகர்த்திப் படித்தார். ஆகஸ்ட். நவம்பர். சூடு பட்ட பிப்ரவரி. வேர்க்காத மே.

"இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததில்ல" என்றார். "ஆனா எல்லாத்தையும் வண்டிக்குன்னு எழுதியிருக்கீங்க."

கை பழையபடி ஆகுமா என்று கேட்டேன். நேரான பதிலே தந்தார். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்தால் பெரும்பாலும் உணர்ச்சியும் பலமும் திரும்பும். அதற்குமேல் போனால் உறுதி சொல்ல முடியாது. நோட்டின்படி எனக்குப் பதினோராவது மாதம். எந்த மாதத்தில் கதவு மூடியது என்று மற்ற நோயாளிகளுக்குத் தெரியாமலாவது இருக்கும். என் நோட்டில் அது ஸ்பிரிங் மாற்றிய வேலைக்கும் கைப்பிடி உயர்த்திய வேலைக்கும் நடுவே, என் கையெழுத்தில், இருக்கிறது.

கூட்டு மருந்துச் சிகிச்சை (மூன்று மருந்துகள் சேர்ந்தது) பன்னிரண்டு அட்டைகளாக வருகிறது, இலவசமாக. ஓர் அட்டைக்கு இருபத்தெட்டு நாள். ஒவ்வோர் அட்டையிலும் முதல் நாள் மருந்தைச் செவிலியர் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும்; பயப்பட வேண்டாம். நாளாக ஆகத் தோல் கறுக்கும். ஸ்டீராய்டில் என் முகம் உப்பியது. தொழிற்சாலையில் "வெயில்ல ரொம்ப சுத்துறீங்களா சார்?" என்றார்கள். ஆமாம் என்றேன். இந்த நோயில் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல.

நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். அவர்களும் தடுப்பு மாத்திரை ஒரு வேளை போட்டுக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "பரவால்ல மச்சான்" என்றார்கள் எல்லோரும். அந்த வாரத்தோடு வாட்ஸப் குழு அடங்கிப்போனது. என் பெயர் இல்லாத புதிய குழு ஒன்று இயங்குவதை ஒரு மாதம் கழித்துப் பாபுதான் சொன்னான்.

"நானும் அதுல கீறேன், பொய் சொல்லல. ஆனா போறதில்ல. உன்கூட டீ குடிச்ச பாவத்துக்கு மாத்திரய போட்டுகினேன், அவ்ளோதான்."

அன்று அவன் ஒர்க் ஷாப்பில் கிடந்த என் ஸ்பேனர்களையும் கொண்டுவந்திருந்தான். துணியைப் பிரித்ததும் டெட்டால் வாசனை அடித்தது. அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்.

"வூட்ல சொன்னாங்க..." என்றான்.

"நல்லா பளபளன்னு இருக்கு" என்றேன்.

அதன் பிறகும் அவன் வந்தான். வாரம் ஒருமுறை என் வண்டியை உதைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவான்.

பன்னிரண்டாவது அட்டை ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை முடிந்தது. மருத்துவர் சோதித்துவிட்டு, "நோய் குணமாயிடுச்சு" என்றார். கையில் பிடி கொஞ்சம் கூடியிருந்தது. உணர்ச்சி திரும்பவில்லை, இனித் திரும்பாது. மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தலாம், உணர்ச்சியைக் கொண்டுவர முடியாது. நான் வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"பிடிச்சிருக்கீங்களா இல்லையான்னு உங்க கை உங்களுக்குச் சொல்லாது. ஓட்டாதீங்க."

பதின்மூன்று நாள் கழித்து ஓட்டினேன். ஞாயிறு காலை, சேலையூரிலிருந்து திருநீர்மலை அடிவாரம் வரை. பாபு தன் வண்டியில் பின்னால் வந்தான். கிளட்ச்சை நான் கண்ணால் பிடித்தேன். ஒவ்வொரு கியருக்கும் ஒரு நொடி குனிந்து விரல்கள் லீவர் மேல் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. ஒருமுறைகூட வண்டி அணையவில்லை. மலையடியில் இறங்கியபோது பாபு "சூப்பர்டா!" என்று கத்தினான். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. வேறு வழியில் வீடு திரும்பினேன்.

வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் நகம் தனியாகக் கிடந்தது. இரத்தம் துணியில் ஊறி, ஓரத்தில் காய்ந்திருந்தது. லீவர் கீலில் நீட்டிக்கொண்டிருந்த திருகு முனையில் சிக்கியிருக்க வேண்டும்.

அவள் திட்டவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப பட்டுது?"

கிளம்பியபோதா, கேம்ப் ரோட்டிலா, மலையடியில் பாபு கத்தியபோதே என் கையுறை நிறைந்துகொண்டிருந்ததா?

"தெரியல" என்றேன்.

வண்டியை அந்த வாரமே பாபுவுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் வேலையாகக் கனமான ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டான்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. மரத்துப்போன இடத்துக்கு உங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தால், அந்தக் காரணத்தைச் சந்தேகியுங்கள். ஓட்டுபவர்களிடம் வண்டி இருக்கும், தையல்காரரிடம் கத்தரி இருக்கும், தட்டச்சு செய்பவரிடம் மேசை இருக்கும்.

வலி ஒரு தண்டனை என்று நினைத்திருந்தேன். இப்போது அதைக் கடிகாரம் என்று நினைக்கிறேன். என் வலது கைக்கு நடப்பது அந்த நொடியே நடக்கிறது. இடது கைக்கு நடப்பது எனக்குச் செய்தியாகத்தான் வருகிறது, சில நேரம் பல மணி நேரம் தாமதமாக. காலையில் எதையாவது தொட்டிருப்பேன். அது சூடாக இருந்ததா என்பது மாலையில்தான் தெரியும்.

தினமும் மாலை ஆறு மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே, நானும் ஜெசிந்தாவும் ஜன்னலோரம் உட்காருகிறோம். கையை வெந்நீரில் வைக்கலாமா என்பதையும் அவள்தான் தன் கையை விட்டுப் பார்த்துச் சொல்கிறாள். ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்க்கிறாள். உள்ளங்கை, ஓரம், விரலிடுக்கு, நகக்கண். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்ன பிறகுதான் அன்றைய பகல் எனக்கு நடந்து முடிகிறது.